டியூப் போகவில்லை: அன்றும் இன்றும்

குடலிறக்க ஆபரேஷனுக்கு அட்மிட் ஆனவரின் கட்டிலருகே முந்தின நாள் மாலை மயக்க டாக்டர் வந்து நிற்பார். "ஐயா, வாயை நல்லாப் பெருசாத் திறங்க. நாக்கை வெளியே நீட்டுங்க. 'ஆ'ன்னு சத்தம் போட வேண்டாம், சும்மா நீட்டினாப் போதும்." அப்புறம் அண்ணாந்து பார்க்கச் சொல்வார். தாடை நுனிக்கும் குரல்வளை மேட்டுக்கும் நடுவே விரல் வைத்து அளப்பார். கட்டுப்பல் உண்டா, எந்தப் பல்லாவது ஆடுகிறதா என்று கேட்பார். ராத்திரி குறட்டை எப்படி என்று வீட்டம்மாவிடம் விசாரிப்பார். கோளாறு வயிற்றில் இருக்க, இவர் வாயில் என்ன தேடுகிறார் என்று நோயாளி நினைத்துக்கொள்வார். கேட்க மாட்டார்.

டாக்டர் தேடுவது ஒரே கேள்விக்கு விடை. நாளைக் காலை இந்த மனிதரை மயக்கி, தசைகளைத் தளர்த்தி, அவருடைய மூச்சை நிறுத்தப்போகிறோம். நிறுத்திய பிறகு அவருக்காக நாம் மூச்சுக் கொடுக்க முடியுமா? பெரும்பாலும் முடியும். இடது கையில் லாரிங்கோஸ்கோப்பைப் பிடித்து நாக்கை ஒதுக்கித் தூக்கினால் குரல்நாண்கள் வெள்ளையாகத் தெரியும். நடுவில் டியூப் இறங்கும். அரை நிமிட வேலை. என்றைக்கோ ஒரு நாள், எல்லாம் ஒழுங்காகத் தோன்றிய ஒருவருக்கு அந்த டியூப் போகாது. மாஸ்க்கை முகத்தில் அழுத்திப் பையை அமுக்கினாலும் மார்பு எழும்பாது. அந்தச் சில நிமிடங்கள் தியேட்டரில் முன்பு எப்படிக் கழிந்தன, இப்போது எப்படிக் கழிகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மயக்க மருந்து வந்த புதிதில் இந்தச் சிக்கலே கிடையாது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதரைப் பயன்படுத்திக் காட்டியபோதும், அடுத்த ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தியபோதும் கொடுப்பவர் கையில் இருந்தது ஒரு கண்ணாடிக் குடுவை அல்லது ஒரு துணி. நோயாளி தானாக மூச்சு விட்டார். மூச்சோடு மருந்தும் உள்ளே போயிற்று.

ஆபத்து வேறு வடிவில் வந்தது. 1848 ஜனவரி 28 அன்று இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு அருகிலுள்ள வின்லேட்டனில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் நகம் எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களுக்குள் உயிர் போய்விட்டது. குளோரோஃபார்மால் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் அது. பெண்ணின் முகம் வெளுத்ததும் பதற்றத்தில் வாயில் தண்ணீரையும் பிராந்தியையும் ஊற்றியிருந்தார்கள். குளோரோஃபார்ம் இதயத்தை நிறுத்திவிட்டது என்றார் லண்டன் மயக்க மருத்துவர் ஜான் ஸ்னோ. ஊற்றியதுதான் மூச்சை அடைத்தது என்றார் சிம்ப்சன். தன் மருந்தைக் காப்பாற்ற அவர் சொன்ன சமாதானமாகவே எனக்கு அது படுகிறது. ஆனாலும் மயங்கிக் கிடப்பவரால் விழுங்கவோ இருமவோ முடியாது, வாய்க்குள் போனது நுரையீரலுக்கு இறங்கும் என்பது அன்றைக்கே பேச்சில் அடிபட்டுவிட்டது.

இதயமா, மூச்சா என்ற அந்த வழக்கு நாற்பது ஆண்டு கழித்து ஐதராபாத்தில் விசாரணைக்கு வந்தது. அங்கிருந்த எட்வர்ட் லாரி என்ற பிரிட்டிஷ் மருத்துவர் குளோரோஃபார்மின் பக்தர். நிஜாமின் பணத்தில் 1888-லும் 1889-லும் இரண்டு குழுக்கள் கூடின. இரண்டாவதற்கு 'லான்செட்' மருத்துவ இதழ் லண்டனிலிருந்து லாடர் பிரன்டன் என்ற மருத்துவரையே அனுப்பிவைத்தது. நூற்றுக்கணக்கான விலங்குகளுக்கு மருந்து கொடுத்துப் பார்த்து, முதலில் நிற்பது மூச்சுதான், ஆகவே நாடியை மறந்து மூச்சைக் கவனியுங்கள் என்று முடிவு சொன்னார்கள். குளோரோஃபார்ம் இதயத்தையும் நேரடியாகத் தாக்கும் என்பதை 1911-ல் லீவி என்பவர் நிரூபித்ததும் ஐதராபாத் முடிவு ஆட்டம் கண்டது. தப்பான முடிவிலிருந்து பிறந்த அந்த அறிவுரை மட்டும் நல்ல அறிவுரை.

மயங்கியதும் நாக்கும் தொண்டைத் தசைகளும் தளர்ந்து பின்னுக்குச் சரியும், வழி அடைபடும். 1870-களில் ஹைபெர்க், எஸ்மார்க் என்ற இருவர் தாடையின் இரண்டு கோணங்களிலும் விரல் கொடுத்து முன்னுக்குத் தள்ளினால் வழி திறந்துவிடும் என்று எழுதினார்கள். பல இடங்களில் இடுக்கியால் நாக்கைக் கவ்வி வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓர் உதவியாளர் நிற்பதும் உண்டு. இடுக்கி போய்விட்டது. தாடை தூக்கும் விரல் வேலை அப்படியே இருக்கிறது. புதிதாகச் சேரும் முதுநிலை மாணவர் கை கடுக்கக் கடுக்க முதலில் பழகுவது அதைத்தான்.

டியூப் போடும் யோசனை ஒரு சர்ஜனிடமிருந்து வந்தது. 1878-ல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்கூவன் நாக்கின் அடியில் கட்டி வளர்ந்த ஒருவருக்கு, கழுத்தில் ஓட்டை போடாமல், வாய் வழியாகவே விரலால் தடவி மூச்சுக்குழாயில் குழாயை இறக்கினார். மயக்கம் கொடுப்பதற்கு முன்பே, முழு நினைவோடு. அதற்காக அந்த நோயாளியை முன்கூட்டியே சில முறை பழக்கியும் வைத்திருந்தார். வழி கடினம் என்று முன்பே தெரிந்தால் நோயாளி விழித்திருக்கும்போதே குழாயை இறக்கு என்ற இன்றைய விதியை அவர் அன்றே கடைப்பிடித்துவிட்டார்.

முதல் உலகப் போர் முடிந்த கையோடு லண்டனுக்குத் தென்கிழக்கே சிட்கப்பில் இருந்த குயின்ஸ் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் மயக்க டாக்டர் ஐவன் மேகில். முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு சர்ஜன் ஹரால்ட் கில்லிஸ் அங்கே புது முகம் செய்துகொண்டிருந்தார். கத்தி வைக்க வேண்டிய இடத்திலேயே மயக்க மாஸ்க்கும் உட்கார வேண்டும்; நோயாளி விடும் ஈதர் நாற்றம் சர்ஜன் முகத்தில் அடிக்கும். மேகிலும் அவர் கூட்டாளி ரோபாதமும் சுருளாக வந்த ரப்பர் குழாயை நறுக்கி மூக்கு வழியே மூச்சுக்குழாய்க்குள் விட்டார்கள், கண்ணால் எதையும் பார்க்காமலேயே. குழாயின் வெளி நுனியில் காதை வைத்து, மூச்சுச் சத்தம் எங்கே பலமாகக் கேட்கிறதோ அந்தத் திசையில் தள்ளுவார்கள். நோயாளி தானாக மூச்சு விட்டுக்கொண்டிருந்ததால்தான் அந்த வித்தை நடந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

இடையில் ஒரு நாய்க் கதை. ஆர்தர் கெடல் என்ற அமெரிக்கர் காற்று நிரப்பிய வளையம் கொண்ட டியூப்பை 1920-களின் கடைசியில் செய்து பார்த்தார். வளையம் உப்பினால் குழாயைச் சுற்றிக் கசிவே இருக்காது. மற்ற டாக்டர்கள் நம்பவில்லை. தன் வளர்ப்பு நாயை மயக்கி, டியூப் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காட்டினார். அந்த நேரம் முழுக்க நீருக்கடியில் தூங்கிய நாய், வெளியே எடுத்ததும் விழித்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நடந்துபோனது. நாய்க்கு 'ஏர்வே' என்று பெயர் வைத்தார்கள். இன்று நம் தியேட்டர்களில் போடும் டியூப்பின் நுனியில் இருக்கும் வளையத்துக்கு மூதாதை அதுதான்.

1942 ஜனவரி 23 அன்று மான்ட்ரியாலில் ஹரால்ட் கிரிஃபித் ஒரு குடல்வால் ஆபரேஷனில் க்யுராரே கொடுத்தார். தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய நஞ்சிலிருந்து எடுத்த மருந்து. தசைகள் எல்லாம் தொய்ந்துபோகும்; வயிறு மெத்தென்று ஆகும்; சர்ஜனுக்குக் கொண்டாட்டம். அதற்கு முன் வயிறு தளர வேண்டுமானால் ஈதரை ஆழமாகக் கொடுக்க வேண்டும், அதன் ஆபத்து தனி. க்யுராரே அந்த ஆபத்தைக் குறைத்தது. கூடவே மூச்சுத் தசைகளும் தொய்ந்தன.

இந்த வரலாற்றில் மிகப் பெரிய திருப்பம் இதுதான் என்பேன். லாரிங்கோஸ்கோப்பையோ கேமராவையோ நான் அந்த இடத்தில் வைக்க மாட்டேன். மேகில் காலத்தில் டியூப் போகவில்லையென்றால் அது ஒரு தொந்தரவு, அவ்வளவுதான். நோயாளி மூச்சு விட்டுக்கொண்டேதான் இருப்பார். மாஸ்க்கில் ஈதரைத் தொடரலாம். க்யுராரேக்குப் பிறகு மூச்சை நிறுத்துவது டாக்டரின் கை. நிறுத்திய பிறகு டியூப் போகவில்லையென்றால் அது மரணத்தின் வாசல். எதிர்பாராத மூச்சுவழிச் சிக்கல் என்று இன்று நாம் பேசும் பூதத்தை மயக்க மருத்துவத்தின் முன்னேற்றமே வளர்த்துவிட்டது. 1950-களில் சக்சினைல்கோலின் என்ற மருந்து வந்து, ஒரே நிமிடத்தில் தளர்வு, சில நிமிடங்களில் தெளிவு என்றானது. அந்தச் சில நிமிடங்களுக்குள் மூச்சு திரும்பிவிடும் என்று பலர் நம்பினார்கள். மூளை அவ்வளவு நேரம் காத்திருக்காது.

கருவிகள் கூடவே வந்தன. 1943-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ராபர்ட் மெக்கின்டாஷ் வளைந்த பிளேடைக் கொண்டுவந்தார். டான்சில் ஆபரேஷனுக்கு வாயைத் திறந்து வைக்கும் கருவியைப் போட்டபோது குரல்நாண்கள் தற்செயலாகத் தெரிந்ததைப் பார்த்து வந்த யோசனை. எண்பது ஆண்டு ஆகியும் மாவட்ட ஆஸ்பத்திரி முதல் கார்ப்பரேட் வரை டிராலியில் அதே பிளேடு கிடக்கிறது.

ஆனால் டியூப் போகாதபோது என்ன செய்வது? இதற்குப் பல ஆண்டுகள் ஒரே பதில்தான் இருந்தது: இன்னொரு முறை முயற்சி செய். பிளேடை மாற்று, தலையணையை மாற்று, கழுத்தை அழுத்து, சீனியரைக் கூப்பிடு, சீனியரும் முயற்சி செய்யட்டும். டியூப் போடுவது கைராசி விஷயமாக இருந்தது. போடத் தெரிந்தவர் கெட்டிக்காரர். போட முடியாமல் மாஸ்க்கைக் கையில் எடுத்தவருக்கு டாக்டர்கள் அறையில் கிண்டல் காத்திருக்கும். உதவி கூப்பிடுவது கௌரவக் குறைவு. இதில் உடம்புக்கு நடப்பது என்ன? ஒவ்வொரு முறை இரும்பு உள்ளே போய் வரும்போதும் தொண்டையின் மெல்லிய சவ்வு வீங்கும், ரத்தம் கசியும். முதல் முயற்சிக்கு முன் மாஸ்க்கில் நன்றாக மூச்சுக் கொடுக்க முடிந்த அதே நோயாளிக்கு, ஐந்தாவது முயற்சிக்குப் பின் கொடுக்க முடியாமல் போகும். பாதி அடைந்த வழியை முழுக்க அடைத்தது பெரும்பாலும் டாக்டரின் விடாமுயற்சிதான்.

நிறுத்து என்று முதலில் எழுதிவைத்தவர்கள் பிரசவத் தியேட்டர்க்காரர்கள். கர்ப்பிணிக்கு உடம்பில் நீர் கோத்திருக்கும், மார்பு கனத்திருக்கும், ஆக்சிஜன் இருப்பு சீக்கிரம் கரையும், வயிற்றில் உள்ளது மேலே வரும். இங்கிலாந்தில் 1952 முதல் ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் விசாரித்து அறிக்கை போட்டார்கள். மயக்கத்தின்போது டியூப் போகாமல் இறந்த தாய்மார்கள் அந்த அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வந்தார்கள். 1976-ல் அபர்தீனைச் சேர்ந்த மைக்கேல் டன்ஸ்டல் வரிசையாக ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார். போகவில்லையா, விடு. இடது பக்கமாகச் சாய்த்து, தலையைத் தாழ்த்தி, மாஸ்க்கில் ஆக்சிஜன் கொடு. தாயைக் காப்பாற்று, டியூப்பை அல்ல. இன்று படித்தால் சாதாரணமாகத் தெரியும். அந்தக் காலத்தில் தோல்வி என்ற சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு முறையை எழுதத் துணிச்சல் வேண்டியிருந்தது.

ஆக்சிஜன் இறங்குவதை எப்படிக் கண்டார்கள் என்று இன்றைய இளம் டாக்டர்கள் ஆச்சரியப்படுவார்கள். உதடு, நகம், காது மடல். சர்ஜன் குனிந்தபடியே "ரத்தம் கறுப்பா வருதே" என்பார். அந்தச் சொல்லுக்கு மயக்க டாக்டரின் வயிறு கலங்கும். நீலம் பாரிப்பதைக் கண்ணால் கண்டுபிடிப்பது எவ்வளவு நம்பகமற்றது என்பதை 1947-லேயே ஓர் ஆய்வு காட்டிவிட்டது. கண்ணுக்குத் தெரியும்போது ஆக்சிஜன் ஏற்கெனவே பாதாளத்துக்கு இறங்கியிருக்கும். நம் கறுத்த தோலில் சொல்லவே வேண்டாம்.

ஜப்பானில் தகுவோ அயோயாகி என்ற பொறியாளர் காது வழியாக ஒளி பாய்ச்சி இதயத்தின் இறைப்பை அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு வந்து அளவைக் குழப்பியது. குழப்பும் அந்தத் துடிப்பையே பயன்படுத்தினால் தமனியில் ஓடும் ரத்தத்தின் ஆக்சிஜனை மட்டும் பிரித்து அளக்கலாம் என்று அவருக்குப் பொறி தட்டியது. 1974-ல் பல்ஸ் ஆக்சிமீட்டர் உருவெடுத்தது. 1980-களில் தியேட்டருக்குள் வந்தது. கொரோனா காலத்தில் மருந்துக்கடை வாசலில் நின்று நாம் வாங்கி விரலில் மாட்டிக்கொண்ட அதே பொருள்தான். அயோயாகி இறந்தது 2020 ஏப்ரலில், உலகமே அதைத் தேடி அலைந்தபோது. தியேட்டர் மானிட்டரில் அது 'பிப் பிப்' என்று ஓடும். சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, இறங்க இறங்க அந்தச் சத்தத்தின் சுருதியும் இறங்கும். கண் தொண்டைக்குள் இருந்தாலும் காதில் சேதி விழும். ஆண்டுக்கணக்காக இந்த வேலை செய்தவர்கள் வீட்டில் மைக்ரோவேவ் கத்தினாலும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதே காலத்தில் வந்த இன்னொன்று, வெளிமூச்சின் கரியமில வாயுவை அலையாக வரையும் கேப்னோகிராஃப். டியூப் உணவுக்குழாயில் போய்விட்டால் ஸ்டெதாஸ்கோப் ஏமாற்றும். மார்பு எழுவது போலக்கூட இருக்கும். அலை பொய் சொல்லாது. திரையில் அலை இல்லையென்றால் டியூப் தவறான இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள் என்பது இப்போது கட்டளை.

முந்தின நாள் நாக்கை நீட்டச் சொன்னாரே, அதற்கு வருவோம். அந்தப் பரிசோதனைக்குப் பெயர் மல்லம்பட்டி. குண்டூர் மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன சேஷகிரி ராவ் மல்லம்பட்டி பாஸ்டனில் இருந்தபோது யோசித்தது. நாக்கு பெரிதாக இருந்து உள்நாக்கை மறைத்தால் குரல்நாண்களையும் மறைக்கும் என்று 1983-ல் ஒரு கருதுகோளாக எழுதினார். 1985-ல் 210 நோயாளிகளிடம் பார்த்து முடிவை வெளியிட்டார். உலகம் முழுக்க மயக்க டாக்டர்கள் ஒவ்வொரு நாளும் ஒரு தெலுங்குக் குடும்பப் பெயரை உச்சரிக்கிறார்கள்.

அந்தச் சோதனை எவ்வளவு தூரம் காப்பாற்றும்? டென்மார்க்கில் 1,88,064 பேரின் பதிவுகளைப் பார்த்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. டியூப் போடக் கஷ்டப்பட்டவர்கள் 3,391 பேர். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு முன்கூட்டி யாரும் எதிர்பார்க்கவில்லை. கஷ்டம் என்று எதிர்பார்க்கப்பட்டவர்களில் நாலில் ஒரு பங்குக்குத்தான் உண்மையில் கஷ்டமாக இருந்தது. நாக்கு, கழுத்து, தாடை, குறட்டை எல்லாம் பார்த்தும் இந்த லட்சணம். இதனால் சோதனை வீண் என்று ஆகாது. பாக்கும் புகையிலையும் மென்று வாய் இறுகி, ஒரு விரல்கூட நுழையாமல் போனவர்கள்; தீக்காயம் ஆறித் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டவர்கள்; கழுத்துக் கழலை வளர்ந்தவர்கள் நம் ஊர் வரிசையில் தினம் நிற்கிறார்கள். இவர்களைப் பார்த்ததுமே டாக்டர் உஷாராகிவிடுவார். விழித்த நிலையில், தொண்டையை மரத்துப்போகச் செய்து, மூக்கு வழியே ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப்பை விட்டு டியூப்பை இறக்குவார். மெக்கூவனின் வழிதான். இதில் நம் டாக்டர்களின் கைத்தேர்ச்சி பெரியது. பார்த்ததும் தெரியாதவர்தான் ஆளைச் சாய்க்கிறார்.

ஆகவே முன்கணிப்பில் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய தூரம் இல்லை. தூரம் எங்கே என்றால், போகாத பிறகு நடப்பதில்.

1981-ல் லண்டன் வைட்சாப்பலில் ஆர்ச்சி பிரெய்ன், பல் டாக்டர்கள் பயன்படுத்திய ஒரு மூக்கு மாஸ்க்கின் ரப்பர் வளையத்தை எடுத்துக் குழாயில் ஒட்டி, அதைத் தொண்டையின் அடியில் குரல்வளையைச் சுற்றி உட்கார வைத்துப் பார்த்தார். மூச்சுக்குழாய்க்குள் போகவே வேண்டாம், வாசலில் உட்கார்ந்தால் போதும். எல்.எம்.ஏ. என்ற அந்தக் கருவி 1988-ல் விற்பனைக்கு வந்தது. டியூப்புக்கும் மாஸ்க்குக்கும் நடுவே மூன்றாவது ஒரு வழி கிடைத்தது. எத்தனை பேரை இது காப்பாற்றியிருக்கும் என்று யாரும் எண்ணி முடியாது.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது என்பதை 2005 மார்ச் 29 காட்டியது. இங்கிலாந்தில் எலைன் பிரோமிலி என்ற 37 வயதுப் பெண் சைனஸ் ஆபரேஷனுக்குப் போனார். ஆரோக்கியமானவர். அனுபவம் மிக்க மயக்க டாக்டர், நல்ல வசதி. காலை 8.35-க்கு மயக்கம் கொடுத்தார்கள். எல்.எம்.ஏ. உட்காரவில்லை. மாஸ்க்கில் மூச்சுப் போகவில்லை. நாலே நிமிடத்தில் சாச்சுரேஷன் 40 சதவீதம். இன்னொரு மயக்க டாக்டர் வந்தார், சர்ஜனும் கைகொடுத்தார். மூன்று பேரும் டியூப் போடுவதிலேயே மூழ்கிவிட்டார்கள். நிலைமை புரிந்த ஒரு நர்ஸ் கழுத்தில் துளையிடும் செட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போன் போட்டுக் கட்டில் கேட்டார். டாக்டர்கள் பார்த்த பார்வையில், தான்தான் அதிகமாகப் பதறிவிட்டோமோ என்று திரும்பப் போன் போட்டு வேண்டாம் என்றார். எலைன் கண் விழிக்கவேயில்லை. 13 நாள் கழித்து இறந்தார்.

அவருடைய கணவர் மார்ட்டின் விமானி. விமானம் விழுந்தால் காரணம் கண்டுபிடிக்க விசாரணை தானாகவே தொடங்கும். ஆஸ்பத்திரியில் யாராவது வழக்குப் போட்டால்தானா என்று அவருக்குத் திகைப்பு. யாரையும் தண்டிக்கக் கேட்கவில்லை. என்ன நடந்தது என்று விசாரித்து ஊருக்குச் சொல்லுங்கள் என்றார். 2007-ல் மனிதக் காரணிகளை ஆராயும் ஓர் அமைப்பைத் தொடங்கினார். மனைவியின் கதை குறும்படமாகி உலகம் முழுக்க மருத்துவ மாணவர்களுக்குக் காட்டப்படுகிறது. அந்த அறையில் செய்ய வேண்டியது என்னவென்று தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் நர்ஸ்கள். டாக்டரை நிறுத்திச் சொல்லும் வழக்கம்தான் இல்லை. நம் தியேட்டர்களின் படிக்கட்டு வரிசை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "சார், ஒரு நிமிஷம்" என்று ஒரு ஸ்டாஃப் நர்ஸ் பெரிய டாக்டரை இடைமறிப்பது இன்றும் லேசான காரியம் இல்லை.

பிரிட்டனில் 2008 செப்டம்பர் முதல் ஓராண்டு நடந்த நான்காம் தேசியத் தணிக்கை சுமார் 29 லட்சம் பொது மயக்கங்களைக் கணக்கில் எடுத்தது. மயக்கத்தின்போது பெரிய மூச்சுவழி விபத்துகள் 133. அவற்றில் 16 மரணம். விகிதமாகப் பார்த்தால் ஆபரேஷனுக்குப் போகும் யாரும் பயப்பட வேண்டிய எண் அல்ல. ஆனால் அறிக்கை ஓர் இடத்தில் சங்கடப்படுத்தியது. கடைசி வழியாகக் கழுத்தின் முன்பக்கம் ஊசிக் குழாய் குத்திய முயற்சிகளில் ஏறக்குறைய 60 சதவீதம் தோற்றிருந்தன. சர்ஜன்கள் கத்தியால் செய்தவை பெரும்பாலும் பலித்தன.

இதிலிருந்தெல்லாம் பிறந்தது 2015-ல் பிரிட்டனின் கடினமான மூச்சுவழிச் சங்கம் வெளியிட்ட வழிமுறை. லாரிங்கோஸ்கோப்பால் அதிகபட்சம் மூன்று முயற்சி. இன்னும் அனுபவமுள்ள ஒருவர் வந்தால் கூடுதலாக ஒன்று. போகவில்லையா, டியூப் தோல்வி என்று வாய்விட்டு அறிவிக்க வேண்டும். அடுத்து எல்.எம்.ஏ. போன்ற ஒன்று. அது உட்கார்ந்தால் நின்று யோசி: நோயாளியை எழுப்பிவிடலாமா? உட்காரவில்லை என்றால் மாஸ்க். அதுவும் இல்லையென்றால் மீண்டும் அறிவிப்பு, உடனே கழுத்தில் கத்தி: 10-ஆம் எண் பிளேடு, பூஜி என்ற மெல்லிய வழிகாட்டிக் குச்சி, 6-ஆம் எண் டியூப். கேமராவும் கம்ப்யூட்டரும் நிறைந்த அறையில் கடைசி நம்பிக்கை இந்த மூன்று பொருள். அன்று மௌனமாக மறைக்கப்பட்ட தோல்வியை இன்று உரக்கச் சொல்வது கட்டாயம். அந்தச் சொல் அறையில் இருக்கும் எல்லோருக்கும் செயல்பட அனுமதி கொடுக்கிறது.

இந்தியாவின் கடினமான மூச்சுவழிச் சங்கம் 2016-ல் நமக்கான வழிமுறைகளை வெளியிட்டது. அதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். டியூப் போட முயலும் நேரம் முழுக்க மூக்கில் ஒரு சாதாரணக் குழாய் வழியே ஆக்சிஜன் ஓடிக்கொண்டே இருக்கட்டும் என்கிறது. மூச்சு நின்றிருந்தாலும் அந்த ஆக்சிஜன் மெல்ல உள்ளே இறங்கும். செலவு கிட்டத்தட்ட இல்லை. தாலுகா ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். மயக்கத்துக்கு முன் மூன்று நிமிடம் இறுக்கமான மாஸ்க்கில் முழு ஆக்சிஜன் கொடுப்பதும் இதே கணக்குதான்: கரண்ட் போகப்போகிறது என்று தெரிந்தால் மேல்தொட்டியை நிரப்பிக்கொள்வதைப் போல. நிரப்பாவிட்டால் ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். நிரப்பினால் எட்டு நிமிடம் வரை கிடைக்கும். பருத்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதைவிடக் குறைவு. "மாஸ்க்கை வெச்சா மூச்சு முட்டுற மாதிரி இருக்கு டாக்டர்" என்று நோயாளி தலையைத் திருப்பும்போது அவர் இழப்பது அந்த நிமிடங்களைத்தான்.

வீடியோ லாரிங்கோஸ்கோப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2000-களின் தொடக்கத்தில் கனடாவிலிருந்து வந்தது. பிளேடு நுனியில் கேமரா, பக்கத்தில் திரை. டியூப் போகாமல் தோற்பது இதனால் குறைகிறது என்பதற்கு இப்போது நல்ல ஆதாரம் உண்டு. விலையும் இறங்கிவருகிறது. அதைவிட முக்கியமாக நான் கருதுவது, தொண்டைக்குள் நடப்பதை முன்பு ஒரே ஒருவர்தான் பார்த்தார். இப்போது உதவிக்கு நிற்கும் சிஸ்டரும் பார்க்கிறார். "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு முறை தள்ள இனி வழியில்லை.

ஒரு வேலை மட்டும் நம் ஊரில் இன்னும் அரைகுறை. இன்று கஷ்டப்பட்டு எப்படியோ தப்பித்தவருக்கு, மறுமுறை வேறு ஊரில், வேறு ஆஸ்பத்திரியில், நடு ராத்திரி ஆபரேஷன் என்றால்? அங்கே இருப்பவருக்கு இவர் பார்த்ததும் தெரியாத வகைதான். நோயாளி விழித்ததும் விஷயத்தைச் சொல்லி, எழுதிக் கையில் கொடுக்க வேண்டும் என்கின்றன வழிமுறைகள். டிஸ்சார்ஜ் சம்மரியிலோ "மயக்கம்: பொது" என்ற ஒரே வரிதான் பல நேரம் இருக்கும். தொண்டை வலிக்கிறது என்று கேட்டவரிடம் "டியூப் போட்டது, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தக் காகிதத்தில் மூன்று விஷயம் இருந்தால் போதும்: மாஸ்க்கில் மூச்சுக் கொடுக்க முடிந்ததா, லாரிங்கோஸ்கோப்பில் என்ன தெரிந்தது, கடைசியில் எது பலித்தது. ஆபரேஷன் முடிந்து தொண்டை வலி நாலைந்து நாளாகியும் போகவில்லையென்றால், உதடோ பல்லோ அடிபட்டிருந்தால், "டியூப் போடச் சிரமமாக இருந்ததா டாக்டர்?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் இருக்கும் அதே பையில் அதையும் போட்டு வையுங்கள். அடுத்த முறை நாக்கை நீட்டச் சொல்லும் டாக்டரிடம் முதலில் அதை நீட்டுங்கள்.